விஸ்த்ரெயாம் துறைமுகத்தில் துடைப்பத்தோடு ஒரு பத்திரிகையாளர்

ஒரு குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடியில் நீர்த்திட்டு இல்லாமல் துடைத்து, குழாயின் அடிப்பக்கம் வரை உப்புக்கறை எடுத்து, புதுத் துண்டு மடித்து வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதை எழுத நினைக்கும் பத்திரிகையாளர் யாரிடமாவது கேட்டு எழுதுவார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஃப்ளோரான்ஸ் ஓபெனா முழங்காலிட்டுத் தேய்த்துவிட்டு எழுதினார். அந்த வேறுபாடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு சிறு விடுதியின் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு என்னுடையது. எங்கள் தொழிலைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த அளவு சரியாகக் கணக்குப் பார்த்த நூல் வேறு இல்லை. வாங்கலாமா, படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

நூலின் பிரெஞ்சுப் பெயர் 'ல கே த விஸ்த்ரெயாம்'. பாரிசில் உள்ள லோலிவியே பதிப்பகம் 2010-இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'தி நைட் கிளீனர்' என்ற பெயரில் வந்திருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு பாக்கெட் பதிப்பு. எங்கள் விடுதி முற்றத்தில் ஓர் அலமாரி உண்டு. ஊர் திரும்பும் விருந்தினர்கள் படித்து முடித்த நூல்களை அதில் விட்டுப் போவார்கள். துப்பறியும் கதைகளும் பழைய பயணக் கையேடுகளுமாகச் சேரும் அந்தக் குவியலில் இதுவும் இருந்தது. அட்டை மெல்லியது, எழுத்து பொடி, முதுகு வெறும் பசை. கடற்காற்று படும் வீட்டில் இந்த வகைத் தாள் விரைவில் பழுத்துவிடும். ஒரு ஐப்பசி மழையைத் தாண்டுவதற்குள் நடுப்பக்கங்கள் கழன்று வந்துவிட்டன. அதனால், பெரிய அளவில் வந்த முதல் பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

பிரெஞ்சு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற நூல். நான் பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவள். பிறகு விருந்தினர்களிடம் பேசிப் பேசி வளர்த்துக்கொண்டேன். அந்த அறிவுக்கே இதன் உரைநடை எட்டியது. வாக்கியங்கள் சிறியவை. அலங்காரம் கிடையாது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் மட்டும் பேச்சு வழக்கு கடினமாக இருக்கும். அங்கே அகராதி உதவாது. பிரான்சில் வாழும் உறவினர் யாரிடமாவதுதான் கேட்க வேண்டும். புதுச்சேரியில் அப்படி ஓர் உறவினர் இல்லாத தெரு எது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2008-இன் பொருளாதார நெருக்கடி ஐரோப்பாவை அடித்துப்போட்ட நேரம். எல்லாரும் நெருக்கடி என்ற ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓபெனாவுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்சில் எல்லாருக்கும் தெரிந்த பத்திரிகையாளர். 2009 பிப்ரவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு நார்மாண்டியில் உள்ள கான் நகரத்துக்குப் போனார். தலைமுடிக்கு வெளிர்நிறச் சாயம் பூசினார், மூக்குக்கண்ணாடி அணிந்தார், சாமான்களோடு கூடிய ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். பெயரை மாற்றவில்லை, அடையாளச் சான்றுகளும் அவருடையவையே. பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படிப்பு இல்லை, இத்தனை காலம் ஓர் ஆணின் சம்பாத்தியத்தில் வாழ்ந்து இப்போது பிரிந்துவிட்ட பெண் என்று மட்டும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொண்டார். தனக்கு ஒரு விதியும் வகுத்துக்கொண்டார். நிரந்தர ஒப்பந்தம் யாராவது கொடுக்க முன்வந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும், உண்மையிலேயே வேலை தேவைப்படும் ஒருவரின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாள் வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. வந்தபோது கிடைத்தது அதிகாலையில் சில மணிநேரத் துப்புரவு வேலை.

இடைப்பட்ட மாதங்கள்தான் நூல். கான் நகரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் கடலோரமாக இருக்கிறது விஸ்த்ரெயாம். அங்கிருந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்துக்கு ஃபெரி போகிறது. கப்பல் கரையில் நிற்கும் இடைவெளிக்குள் அதன் கேபின்களையும் கழிவறைகளையும் சுத்தம் செய்துவிட வேண்டும். வேலை தேடும் பெண்கள் எல்லாரும் ஓபெனாவுக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: எங்கு வேண்டுமானாலும் போ, அந்த ஃபெரிக்கு மட்டும் போகாதே. அவர் போகிறார். கேபினுக்குச் சில நிமிடங்கள்தான் ஒதுக்கீடு. தாழ்வான கதவு, கை நீட்ட இடம் இல்லாத குளியலறை, ஒருவர் பின்னால் ஒருவராக ஓட்டம். முழங்கால் வீங்குகிறது, தோள் கழல்கிறது. ஒரு மணிநேர வேலை, ஒரு மணிநேரக் கூலி.

அந்த ஒரு மணிநேரத்தை அவர் எப்படி எழுதுகிறார் என்பதற்காகவே இந்த நூலுக்கு நான் இவ்வளவு இடம் கொடுக்கிறேன். 2009-இன் முதல் பாதியில் பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம் பிடித்தத்துக்கு முன் மணிக்கு 8.71 யூரோ. கேட்பவருக்கு நல்ல தொகையாகத் தெரியும். வாரம் 35 மணிநேர வேலை இருந்தால் மாதம் 1,300 யூரோவுக்குச் சற்று மேலே வரும். ஆனால் அந்தப் பெண்களுக்கு முழு வேலை கிடைப்பதில்லை. மணிகள்தான் கிடைக்கின்றன. காலையில் ஓர் அலுவலகத்தில் ஒன்றரை மணி, இரவில் ஃபெரியில் ஒரு மணி, சனிக்கிழமை வேறோர் இடத்தில் மூன்று மணி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காரில் ஓட்டம். அந்தப் பயண நேரத்துக்குக் கூலி இல்லை, பெட்ரோல் சொந்தச் செலவு. கார் இல்லாதவருக்கு அந்த வேலையே இல்லை. அதனால் காசு பங்கிட்டு ஒரே காரில் நாலைந்து பேர் போகிறார்கள். ஓபெனாவும் கடன் வாங்கிய ஒரு பழைய காரை ஓட்டுகிறார். ஒரு மணிநேரக் கூலிக்காகப் போகவர ஆகும் நேரத்தை வாசகரே கூட்டிப்பார்க்கும்படி காட்சிகளை அடுக்குகிறார். எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் இல்லாமல் வறுமையின் கணக்கு கண்முன் விரிகிறது.

இந்தப் பக்கங்களை எங்கள் விடுதியில் தமிழில் சொல்லிக் காட்டினேன். மதியம் அறைகள் முடிந்தபின் மொட்டைமாடியில் காய்ந்த பெட்ஷீட்டுகளை மடிக்கும் வேளை. அரியாங்குப்பத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வரும் பெண்கள், வீராம்பட்டினத்திலிருந்து வரும் மூத்த அக்கா ஒருவர், நான். பிரெஞ்சு நாடு என்றால் அவர்கள் மனத்தில் இருப்பது எங்கள் விடுதியில் வந்து தங்குகிறவர்களின் நாடு. அங்கேயும் கழிவறை கழுவும் பெண்கள் கூலிக்காக இரவில் பதினைந்து கிலோமீட்டர் போகிறார்கள் என்பதை முதலில் நம்பவே இல்லை.

"வெள்ளைக்காரப் பெண்களா கழுவுகிறார்கள்?" என்று வில்லியனூர்ப் பெண் இரண்டு முறை கேட்டார்.

வீராம்பட்டினத்து அக்காவின் கேள்வி வேறு. "கழிவறைக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கையுறை உண்டா? குனிந்து தேய்க்கிறார்களா, கட்டை பிடித்துத் தேய்க்கிறார்களா?" தொழில் தெரிந்தவரின் கேள்விகள். வேகத்தில் எல்லாம் தவறும், குழாயில் விரல் தடம் தெரிந்தாலே திட்டு விழும் என்று நான் படித்துச் சொன்னபோது, அவர் மடித்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டு, "இதை எழுதினவர் நிஜமாகவே செய்திருக்கிறார்" என்றார். எந்தப் பரிசுக் குழுவின் பாராட்டையும்விட இந்தச் சான்றிதழை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர்களை அதிகம் பாதித்தது ஒரு பல்வலி. ஃபெரியில் ஓபெனாவோடு வேலை செய்யும் ஓர் இளம்பெண், சொத்தைப் பற்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்யாமல், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாம் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு நாள் பார்த்திருக்கிறாள். பிரான்சில் மருத்துவக் காப்பீடு உண்டு என்பது நம் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஓர் இருபது வயதுப் பெண்ணின் வாய் இப்படி. ஓபெனா இந்த இடத்தில் ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை. அந்தப் பெண் சொல்வதைச் சொல்லவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக அவரவர் வாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை அத்தியாயத்தையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விடுமுறை முகாம் ஒன்றில் சிறுவீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. பழைய விருந்தினர் காலி செய்வதற்கும் புதியவர்கள் வருவதற்கும் இடையே முடித்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய நேரத்துக்குள் முடிக்க முடியாத அளவு வேலை. மீறிப் போகும் நேரம் கணக்கில் ஏறுவதில்லை. ஒயிட் டவுனில் விடுதி நடத்துகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பாடமாகப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து இறங்குகின்றன. பதினோரு மணிக்கு செக்-அவுட், ஒரு மணிக்கு செக்-இன். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை அறை என்பதை முதலாளி முன்பதிவுப் பலகையைப் பார்த்து முடிவு செய்கிறார். அறைக்கு எவ்வளவு நேரம் என்பதை அந்தப் பலகை காட்டாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மணல் படிந்த குளியலறைக்கும் சாதாரணக் குளியலறைக்கும் ஒரே நேரம்தான் கொடுப்பார்கள். கடலில் குளித்துவிட்டு வரும் கூட்டம் விட்டுப்போகும் மணலைக் கூட்டியவர்களுக்கு அது என்ன கொடுமை என்று தெரியும்.

நூலைப் படிக்கும்போது என்னை வேறோர் எண்ணம் விடாமல் பிடித்துக்கொண்டது. கான் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கிருந்த பெரிய எஃகு ஆலை 1993-இல் மூடப்பட்டது. மிக்சி, காபி இயந்திரம் போன்ற வீட்டுச் சாதனங்கள் செய்த மூலினெக்ஸ் ஆலை 2001-இல் மூடப்பட்டது. அந்த ஆலைகளில் வேலை பார்த்த தலைமுறையின் மனைவிகளும் மகள்களும்தான் இப்போது மணிக்கணக்கில் துடைக்கிறார்கள். என் அப்பா முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று 1898-இல் தொடங்கிய ஆலை. 2011 டிசம்பரில் தானே புயல் அதன் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2020-இல் ஒரேயடியாக மூடினார்கள். சங்கு ஊதினால் தெருவே சோறு போடும் என்பார் அம்மா. அந்தத் தெருக்களின் பெண்கள் இன்று எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று காலை ஏழு மணிக்கு எங்கள் விடுதிகளின் பின்வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணிநேர வேலை சட்டமானது. அதே 1936 கோடையில்தான் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, வாரத்துக்கு நாற்பது மணிநேர வேலையையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் பெற்றார்கள். இரண்டு இடத்திலும் போராட்டம் மணிகளைக் குறைப்பதற்காக நடந்தது. ஓபெனாவின் கான் நகரத்தில் பெண்கள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சுவது இன்னும் ஒரு மணி, இன்னும் அரை மணி சேர்த்துக் கொடுங்கள் என்று. எங்கள் ஊரில் ஆண்டுதோறும் தியாகிகள் நாளில் மாலை போடுகிறோம். இந்த மாற்றத்தைப் பற்றி மேடையில் யாராவது பேசக் கேட்க வேண்டும் என்று ஏங்குகிறேன். நூலில் விக்தோரியா என்ற வயதான தொழிற்சங்கப் பெண் வருகிறார். ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்துக்குள் துடைக்கும் பெண்களுக்கும் கடைப் பெண்களுக்கும் ஓர் இடம் பெற அவரும் அவர் தோழியும் பட்ட பாட்டைச் சொல்லும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. பெரிய ஆலையின் ஆண்களுக்கு இந்தப் பெண்களின் பிரச்சினை சில்லறையாகத் தெரிந்திருக்கிறது.

இப்படி ஒரு நூலை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தேன். பெல்ஜியத்தின் பிரசெல்ஸில் 1961-இல் பிறந்தவர். பாரிசில் இதழியல் படித்து, 1986 முதல் 'லிபெராசியோன்' நாளிதழில் இருபது ஆண்டுகள். ருவாண்டா, கொசோவோ, அல்ஜீரியா, ஆப்கானிஸ்தான், இராக் என்று போர் நடக்கும் இடமெல்லாம் போனவர். 2005 ஜனவரி 5 அன்று பாக்தாதில் அவரையும் மொழிபெயர்ப்பாளர் ஹுசைன் ஹனூனையும் கடத்தினார்கள். 157 நாட்கள் பிணைக்கைதியாக ஒரு நிலவறையில் கண்கட்டோடு கிடந்தார். பிரான்சு முழுக்க அவர்கள் இருவரின் படங்களும் தொங்கின. 2006-இல் 'நூவெல் ஒப்செர்வத்தர்' வார இதழுக்கும், 2012-இல் 'ல மோந்த்' நாளிதழுக்கும் மாறினார். நடுவில் சில ஆண்டுகள் சிறைகளைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பின் பிரெஞ்சுக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார்.

நிலவறையில் கிடந்தவர் என்பதால்தான் எளியவர்களின் வலி புரிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவருடைய வேலைமுறையின் வேர் ஊத்ரோ வழக்கில் இருக்கிறது. வட பிரான்சின் ஊத்ரோ என்ற சிற்றூரில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிய வழக்கு அது. குற்றம் உண்மையாகவே நடந்திருந்தது. ஆனால் அதோடு சம்பந்தமே இல்லாத பலரையும் சேர்த்துப் பிடித்து ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். ஒருவர் சிறையிலேயே இறந்துபோனார். 2004-இல் விசாரணைக்கு நின்ற பதினேழு பேரில் ஏழு பேர் விடுதலையானார்கள். 2005 டிசம்பரில் மேல்முறையீட்டில் மேலும் ஆறு பேர் விடுதலையானார்கள். பத்திரிகைகள் எல்லாம் ஆரம்பத்தில் ஒரே குரலில் குற்றம் சாட்டியவை. ஓபெனா நீதிமன்றத்தில் அமர்ந்து, ஊரில் தங்கி, அண்டை வீட்டார், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நம்பத் தொடங்கினார்கள் என்பதைப் பின்தொடர்ந்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு முன்பே, 2005 அக்டோபர் வாக்கில், அவருடைய நூல் வெளிவந்துவிட்டது. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பது, எல்லாரும் சொல்வதைத் தானும் சொல்வதற்கு முன் போய்ப் பார்ப்பது. கான் நகரத்திலும் அதையேதான் செய்தார்.

குறை இல்லாத நூல் இல்லை. எனக்கு உள்ள மனக்குறை பெரியது. காரில் பக்கத்தில் அமர்ந்து கணவனைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசிய பெண்களுக்கு இவர் யார் என்று தெரியாது. அரியாங்குப்பத்துப் பெண், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, "அக்கா, இவர் திரும்பிப் போய்விடுவார்தானே? அவர்களிடம் சொன்னாரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்னுரை இரண்டொரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. விதிகளைச் சொல்கிறது, அறையைக் காலி செய்யாமல் வைத்திருந்து மறுபடியும் அங்கே போய் நூலை எழுதியதைச் சொல்கிறது. அந்தப் பெண்கள் உண்மை தெரிந்தபின் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நூலுக்குள் ஓர் அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய நம்பிக்கையை வைத்துத்தான் நூல் நிற்கிறது, அந்த மரியாதையை நூல் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

மாறுவேடத்தில் போய் எழுதும் வழக்கம் ஐரோப்பிய இதழியலில் பழையது. ஜெர்மனியில் குந்தர் வால்ராஃப் கண்ணுக்குக் கருநிற லென்சும் தலைக்கு டோப்பாவும் வைத்து, அலி என்ற துருக்கியத் தொழிலாளியாக இரண்டு ஆண்டுகள் உழைத்து 1985-இல் வெளியிட்ட நூல் பல லட்சம் பிரதிகள் விற்றது. வால்ராஃப் முதலாளிகளை அம்பலப்படுத்தப் போனவர், அவர் நூலில் கோபம் முன்னால் நிற்கும். ஓபெனா யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. திட்டும் மேற்பார்வையாளரும் தலைக்கு மேல் ஒருவரிடம் திட்டு வாங்குபவர்தான் என்பதையும், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஊழியர் நிமிடக்கணக்கில் ஆட்களைப் பார்த்து அனுப்ப வேண்டிய நெருக்கடியில் இருப்பதையும் காட்டுகிறார். மேற்பார்வை வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நியாயம் அபூர்வமானது. அதே சமயம், லாபம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி நூலில் மங்கிப்போகிறது. ஒப்பந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் விலை குறைத்து வேலையைப் பிடிப்பதை ஓரிரு இடங்களில் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார். எனக்கு அங்கே இன்னும் நாற்பது பக்கம் வேண்டும்.

அவருடைய மற்ற நூல்களை பாரிசிலிருந்து வந்த அத்தை மகள் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். 2014-இல் வந்த 'ஆன் ஃபிரான்ஸ்' செய்திக்கட்டுரைகளின் தொகுப்பு. சிற்றூர்கள், மூடும் ஆலைகள், வேலையில்லாத இளைஞர்கள், வலதுசாரிக் கட்சி வளரும் சுரங்க ஊர்கள். பிரான்சு என்றால் பாரிஸ் என்று நினைத்திருக்கும் நமக்கு நல்ல மருந்து. ஆனால் தொடர்ந்து படித்தால் ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 2018 டிசம்பரில், எரிபொருள் வரியை எதிர்த்துப் பிரான்சில் எழுந்த மஞ்சள் சட்டைப் போராட்டத்தின்போது மர்மாந்த் என்ற ஊரின் சாலை ரவுண்டானாவில் போராட்டக்காரர்களோடு தங்கி அவர் 'ல மோந்த்' நாளிதழில் எழுதிய நீண்ட கட்டுரை, இந்தத் தொகுப்பில் உள்ள எதையும்விடச் சிறந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் பாரிசை ஒட்டிய பன்யோலே முதியோர் இல்லத்துக்குள் இருந்து எழுதியதும் அதே தரம்.

2021-இல் வந்த 'லேங்கோனு த ல போஸ்த்' இதுவரை அவர் எழுதியவற்றில் கட்டுமானத்தால் சிறந்த நூல் என்று சொல்லலாம். 2008 டிசம்பர் 19 அன்று, சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகே பிளாஸ்டிக் ஆலைகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில் உள்ள மோந்ரேயால்-லா-க்ளூஸ் என்ற ஊரில் அஞ்சலக ஊழியரான ஒரு பெண் வேலைநேரத்தில் கொல்லப்பட்டார். சந்தேகம் ஜெரால்ட் தொமாசேன் மீது விழுந்தது. சிறுவயதில் திரைப்படத்தில் நடித்து 1991-இல் நம்பிக்கை தரும் நடிகருக்கான பிரெஞ்சுத் திரைத்துறையின் செசார் விருது வாங்கி, பிறகு போதையிலும் தெருவிலும் சீரழிந்தவர். 2019-இல் விசாரணைக்குக் கிளம்பிய வழியில் காணாமல் போனார். பிறகு அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஓபெனா பல ஆண்டுகள் அந்த ஊருக்குப் போய்வந்து எழுதியிருக்கிறார். ஊத்ரோவில் கற்றது இங்கே முழு வடிவம் எடுக்கிறது. ஆனால் பெயர்கள் அதிகம், காலம் முன்னும் பின்னும் போகும். பிரெஞ்சு இப்போதுதான் கற்கிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

என் சிபாரிசு: முதலில் விஸ்த்ரெயாம் நூல். விடுதி, மருத்துவமனை, அலுவலகம், எங்கே துப்புரவுப் பணியாளர்களை மேய்க்கும் பொறுப்பு உங்கள் கையில் இருந்தாலும் கட்டாயம் படியுங்கள். பிரெஞ்சு தெரியாதவர்கள் ஆங்கிலத்தில் படிக்கலாம். இதைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால் முதல் பிரதிகளில் சிலவற்றை நானே வாங்கி எங்கள் பெண்களுக்குக் கொடுப்பேன், மாடியில் நான் அரைகுறையாகச் சொன்னதை அவர்களே முழுதாகப் படிக்கட்டும்.

இந்த நூலை வைத்து எம்மானுவேல் காரேர் இயக்கி ஜூலியத் பினோஷ் நடித்த ஒரு படமும் 2021-இல் வந்தது. பினோஷைச் சுற்றி நடித்திருப்பவர்களில் பலர் உண்மையாகவே துடைக்கும் வேலை செய்த பெண்கள். அவர்கள் படுக்கை விரிக்கும் வேகத்தைப் பார்த்தாலே அது தெரியும், வேறு எந்த நடிகையாலும் தலையணை உறையை அப்படி ஒரே உதறலில் மாட்ட முடியாது. அரியாங்குப்பத்துப் பெண் கேட்ட கேள்வியையே படம் மையமாக எடுத்துக்கொண்டு, நூலில் இல்லாத தோழமையையும் பிரிவையும் கற்பனையாகச் சேர்த்திருக்கிறது. நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் முதலில் படத்தைப் பார்த்துவிட்டால் நூலைப் படிக்கும்போது அந்த ஒரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கும், மணிக்கணக்கும் கூலிக்கணக்கும் பின்னால் போய்விடும். அதனால் நூலை முடித்த பிறகு படத்தைப் பாருங்கள்.